பிரேக்-இன்: பழக்கலா, பழகலா, வெள்ளோட்டமா?

வணக்கம்.

பழைய ஒலிபெருக்கிப் பெட்டியில் கிராஸ்ஓவர் (தாழ்ந்த ஒலியையும் உயர்ந்த ஒலியையும் பிரித்து அனுப்பும் சுற்று) கண்டென்சர்களை, அதாவது மின்தேக்கிகளை, மாற்றியபின் ஐம்பது, நூறு மணி நேரம் ஓடவிடுவதை ‘பிரேக்-இன்’ என்கிறோம். நம் ஒலிக்கருவிக் கலைச்சொற்பட்டியலில் இதற்கு ‘உடைத்துப் புகுத்தல்’ என்று இருக்கிறது. தமிழ்க் காது இதை ஏற்காது. புது மண்சட்டியையும் தோசைக்கல்லையும் பழக்கித்தானே எடுக்கிறோம்? ‘பழக்கல்’ என்றே வைக்கலாம்.

— கடலூர் முதுநகரிலிருந்து

ஐயா, வணக்கம்.

‘பழக்கல்’ நல்ல சொல். ஆனால் பழக்கினால் பொருள் மாற வேண்டும். சட்டியின் நுண்துளைகளைக் கஞ்சி அடைக்கிறது. புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்களுக்குத் தெரிந்த ‘ரொதாழ்’ என்பதும் பாகங்கள் உரசி உரசிப் பொருந்துவதையே குறிக்கும். தாழ்ந்த ஒலி தரும் வூஃபரில் இது உண்டு: கூம்பைத் தாங்கும் புது விளிம்பும் ஸ்பைடரும் (உள்தாங்கி) ஓட ஓட நெகிழும், கூம்பு இயல்பாக அதிரும் ஒத்ததிர்வு எண் சில ஹெர்ட்ஸ் இறங்கும், அளந்தால் தெரியும். ஆனால் 1970களின் பெட்டியில் வூஃபர் என்றோ பழகிவிட்டது. விளிம்பை மாற்றியிருந்தால் தவிர அங்கே வேலை இல்லை. புதிது கண்டென்சர் மட்டுமே.

4.7 மைக்ரோஃபாரட் பாலிபுரொப்பிலீன் (பிளாஸ்டிக் படல) கண்டென்சரை ஓட்டுமுன் ஒருமுறை, நூறு மணி நேரம் கழித்து ஒருமுறை கண்டென்சரின் மதிப்பைக் காட்டும் எல்சிஆர் மீட்டரில் 1 கிலோஹெர்ட்ஸில் அளந்தால் ஒரே எண்தான். விடியலில் ஒன்று, நண்பகலில் ஒன்று என்று அளக்காதீர்கள். வெப்பம் 10 டிகிரி ஏறினாலே மதிப்பு சுமார் 0.2 விழுக்காடு இறங்கும். அதைப் பழக்கத்தின் கணக்கில் எழுதிவிடுவோம்.

அப்படியானால் உயர்ந்த ஒலி தரும் ட்வீட்டர், முதல் நாள் காதைக் குத்தியது, பத்தாம் நாள் இனிப்பது ஏன்? கழற்றிய பழைய எலெக்ட்ரோலிடிக் (மின்பகுளி) கண்டென்சரின் உள்தடை பல நேரம் ஓர் ஓமைத் தாண்டியிருக்கும். புதியதில் அது நூறில் சில பங்கு ஓம்தான். 8 ஓம் ட்வீட்டருடன் தொடரில் இருந்த 1 ஓம் போனால் ஒலி சுமார் 1 டெசிபெல் கூடும். பத்து நாளில் பழகியது காது. ஆகவே பிறவினையான ‘பழக்கல்’ வூஃபருக்கு, தன்வினையான ‘பழகல்’ கேட்பவருக்கு. குத்தல் தாங்காவிட்டால் கண்டென்சருடன் தொடராக 1 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் வையுங்கள்; காத்திருக்க வேண்டாம்.

ஐயம் இருந்தால், ஒரே மதிப்புள்ள இரண்டு கண்டென்சர் வாங்கி ஒன்றை மட்டும் 50 மணி நேரம் ஓட்டுங்கள். பிறகு இரண்டையும் ஒரே பெட்டியில் சுவிட்ச் வழியாக மாற்றி மாற்றிப் போட்டு, எது எதுவென்று அறியாத ஒருவரைக் கேட்கச் சொல்லுங்கள்.

— புதுச்சேரி

ஏற்கிறேன், ஐயா. ஆனாலும் புதுக் கண்டென்சர் போட்டதும் சிறிது நேரம் ஓட்டிப் பார்க்கத்தானே வேண்டும்? அதற்கு ‘வெள்ளோட்டம்’. திருவிழாவுக்கு முன் தேரை இழுத்துப் பார்ப்பது தேர் பழகுவதற்காக அல்ல, அச்சும் சக்கரமும் தாங்குமா என்று பார்க்க.

குறைந்த ஒலியில் அரை மணி, நடுத்தர ஒலியில் ஒரு மணி போதும். ஆம்பிளிஃபயரை அணைத்துவிட்டுக் கண்டென்சரைத் தொட்டுப் பாருங்கள். சூடேறியிருந்தால் பைபோலார் (பிளஸ், மைனஸ் பேதமில்லாத எலெக்ட்ரோலிடிக்) இடத்தில் துருவமுள்ளதைப் போட்டிருக்கிறீர்களா என்று பார்க்கவும். அது வீங்கி வெடிக்கலாம். பைபோலார் கிடைக்காத ஊரில் துருவமுள்ள 10 மைக்ரோஃபாரட் இரண்டைத் தொடராக, மைனஸோடு மைனஸ் சேர்த்தால் 5 கிடைக்கும். பெட்டியைத் தட்டும்போது ட்வீட்டர் விட்டு விட்டு ஒலித்தால் சால்டர் (ஈயப் பற்று) பிடிக்கவில்லை.

கடலோரத்தில் இன்னொன்றும் ஏமாற்றும். ட்வீட்டர் அளவுக் குமிழ் முதலில் கரகரக்கும்; பத்து முறை திருப்பியதும் ஒலி தெளியும். உப்புக்காற்றில் தொடுமுனையில் படிந்த பச்சைக் களிம்பு தேய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். கண்டென்சருக்கு அதில் பங்கில்லை.

பட்டியலில் பழைய வரியை அடித்துவிட்டு மூன்று சொல்லையும் தனித்தனியே ஏற்றுகிறேன். ‘பழக்கல்’ வரியில் ‘புது விளிம்பு இட்ட வூஃபருக்கு மட்டும்’ என்று சேர்க்கிறேன்.

— கடலூர் முதுநகரிலிருந்து