ரிக்கெற்றில் ஒரு எண், எயார்போர்ட் பட்டியலில் வேறு எண். எதைப் பார்ப்பது?

பரந்தன் தம்பி:
வணக்கம். அக்கா லண்டனிலிருந்து டோஹா வழியாகக் கட்டுநாயக்கவுக்கு வருகிறா. ரிக்கெற்றில் உள்ள நான்கு இலக்க எண்ணை வருகைப் பட்டியலில் தேடினால், அதே நேரத்துக்கு வேறொரு கம்பனியின் எண்தான் நிற்கிறது. வான்காரர் எண்ணைக் கேட்கிறார். கைக்குழந்தையோடு வருகிறா, நாங்கள் பிந்தக்கூடாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

வவுனியா அண்ணை:
பயப்படாதீங்கோ தம்பி, அநேகமாக இரண்டும் ஒரே விமானம்தான். ரிக்கெற்றில் எண்ணுக்குக் கீழே சின்ன எழுத்தில் ‘ஒபரேற்றட் பை’ என்று ஒரு வரி இருக்கும். அதில் உள்ள கம்பனிதான் விமானத்தை ஓட்டுகிறது. மற்றக் கம்பனி அதே விமானத்தில் தன் எண்ணைப் போட்டு ஆசனம் விற்கிறது. இதுதான் கோட்ஷெயர்.

எண்ணுக்கு முன்னால் வரும் இரண்டு எழுத்தைக் கொடுப்பது விமானக் கம்பனிகளின் சர்வதேசச் சங்கமான ஐயாட்டா. ஸ்ரீலங்கனுக்கு யு.எல்., கட்டார் எயார்வேய்ஸுக்கு கியூ.ஆர். இலக்கங்களை அந்தந்தக் கம்பனியே தெரிவுசெய்யும். நான்குக்கு மேல் போகாது. போகும்போது ஒற்றை எண், திரும்பும்போது அடுத்த இரட்டை எண் என்று வைப்பதும் உண்டு: ஸ்ரீலங்கனில் லண்டனுக்கு 503, அங்கிருந்து வர 504. பெரிய விபத்து நடந்தால் அநேகமாக அந்த எண்ணையே கைவிடுவார்கள். 2014இல் காணாமல் போன எம்.எச். 370க்குப் பிறகு மலேசியா எயார்லைன்ஸ் அந்த எண்ணை மறுபடி பாவிக்கவில்லை.

பரந்தன் தம்பி:
நன்றி அண்ணை, அந்த வரி இருக்கிறது! பட்டியலில் உள்ள கம்பனிதான். திரும்பிப் போகும்போது எந்தக் கவுண்டருக்குப் போவது?

முல்லைத்தீவு அக்கா:
ஓட்டுகிற கம்பனியின் கவுண்டருக்குத்தான். ஒன்லைனில் செக்-இன் செய்வதும் அவர்களின் தளத்தில். அங்கே ரிக்கெற்றில் உள்ள ஆறெழுத்துப் புக்கிங் குறியீடு வேலை செய்யாவிட்டால், ரிக்கெற் எடுத்த இடத்தில் ஓட்டுகிற கம்பனியின் குறியீட்டைக் கேளுங்கோ. குழந்தைக்குத் தொட்டில் வேண்டுமென்றால் இப்போதே ஓட்டுகிற கம்பனியோடு கதையுங்கோ, கடைசி நேரத்தில் கிடைக்காது.

இன்னொன்று தம்பி. இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் +1 இருந்தால் அடுத்த நாள் என்று அர்த்தம். அதிகாலை விமானங்களுக்குத்தான் எங்கட ஆட்கள் நாள் மாறி வான் பிடிக்கிறார்கள். வான்காரருக்கு ஓட்டுகிற கம்பனியின் எண்ணையும் இறங்கும் திகதியையும் சேர்த்து அனுப்பிவிடுங்கோ. புத்தளம் தாண்டும்போது ஒருக்கா பட்டியலைத் திரும்பப் பார்த்தால் பிந்துகிறதா என்று தெரியும்.