கூட்டுறவு கேலரியில் முதல் தனிக் கண்காட்சி: எத்தனை படம் மாட்டுவது, ஆட்களை எப்படி வரவழைப்பது?

கரித்தூள் கேட்டது:

வணக்கம். ஓவியர்களே உறுப்பினர்களாகச் சேர்ந்து நடத்தும் ஒரு கூட்டுறவு கேலரியில் எனக்குத் தனிக் கண்காட்சிக்கான முறை வந்திருக்கிறது. இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. இதுவரை குழுக் கண்காட்சிகளில் ஒன்றிரண்டு படங்கள் வைத்ததோடு சரி. அறை முழுக்க என் படங்கள் மட்டுமே என்பதை நினைத்தால் மகிழ்ச்சியை விடக் கலக்கம்தான் அதிகமாக வருகிறது.

நான் வரைவது நீர்வண்ணமும் கரிக்கோலும். எல்லாமே காகிதத்தில். பெரும்பாலானவை 56 × 76 செ.மீ. முழுத்தாள்; சில அதில் கால் பங்கு. பொருள் ஒன்றுதான்: கட்டத் தொடங்கிப் பாதியில் நின்றுபோன கட்டடங்கள். கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் தூண்கள், கதவு வைக்காத வாசல்கள், எங்கும் போய்ச் சேராத படிக்கட்டுகள். முடிந்த படங்கள் முப்பதுக்கு மேல் இருக்கின்றன. கேலரிச் சுவர்களின் மொத்த நீளம் 14 மீட்டர். எதையும் விட்டுவிட மனம் வரவில்லை. எல்லாவற்றையும் மாட்டினால் என்ன?

கேலரி தருவது அறை, விளக்கு, சாவி. அழைப்பிதழ், செய்திக்குறிப்பு, திறப்பு விழா எல்லாம் என் பொறுப்பு. 'வந்து பாருங்கள், பிடித்தால் வாங்குங்கள்' என்று என் வாயால் சொல்ல வேண்டும் என்றாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. இதில் அனுபவம் உள்ளவர்கள் எங்கிருந்து தொடங்குவது என்று சொன்னால் போதும்.

---

ரசமட்டம் எழுதியது:

எங்கள் கூட்டுறவில் படம் மாட்டும் குழுவில் நெடுநாளாக இருப்பவள் நான். முப்பது படத்தையும் மாட்ட வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். முழுத்தாளுக்குச் சுற்றிலும் மவுன்ட் அட்டை (படத்துக்கும் சட்டகத்துக்கும் இடையே விளிம்பாக வரும் கெட்டி அட்டை) வைத்துச் சட்டகம் போட்டால் வெளி அளவு ஏறக்குறைய 76 × 96 செ.மீ. ஆகிவிடும். நிமிர்த்தி மாட்டினால் ஒன்றுக்கு 76 செ.மீ., இடைவெளி 50. அதாவது படம் ஒன்றுக்கு 126 செ.மீ. 14 மீட்டரில் பதினொன்று அடங்கும். மூலை, வாசல், மின்சுவிட்சு எல்லாம் தின்றது போக ஒன்பது அல்லது பத்து. சிறிய படங்களில் ஓர் ஆறைச் சேர்த்து ஒரே கூட்டமாக ஒரு சுவரில் வைக்க விரும்பினால், பெரியவற்றில் இரண்டு குறையும்.

மீதியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. சட்டகம் போடாமல், மவுன்ட் அட்டையோடு ஒளிபுகும் உறையில் இட்டு, வருபவர்கள் புரட்டிப் பார்க்கும்படி மேல் திறந்த ஒரு பெட்டியில் நிறுத்தி வையுங்கள். சுவரில் இருப்பதை வாங்க முடியாதவர்கள் அங்கேதான் குனிவார்கள்.

எதைச் சுவரில் வைப்பது என்பதை மனத்துக்குள் வைத்துப் புரட்டிக்கொண்டே இருக்காதீர்கள். கெட்டி அட்டையில் 1:20 அளவில் சுவரை வெட்டுங்கள். 14 மீட்டர் 70 செ.மீ. ஆகிவிடும். படங்களைச் சிறிதாக அச்சிட்டு அதே விகிதத்தில் வெட்டி, மேசையில் நகர்த்திப் பாருங்கள். இரண்டு வாரம் அது கண்ணில் படும்படியே கிடக்கட்டும். வாசலில் நுழைந்ததும் எதிரே தெரியும் சுவருக்கு எந்தப் படம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மற்றவை அதைப் பார்த்துத் தாமே இடம் பிடிக்கும். உங்களுக்குப் பிடித்த படம் அங்கே நிற்காமல் போகலாம். தொலைவிலிருந்து பார்த்தால் தெரிகிற படம் வேறு, கிட்டே போய்ப் பார்க்க வேண்டிய படம் வேறு.

மாட்டும் உயரம்: படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. எல்லாப் படங்களுக்கும் நடுப்புள்ளி ஒன்றாக இருந்தால் அளவு மாறினாலும் வரிசை கண்ணை உறுத்தாது. கொக்கியின் உயரத்துக்கு, நடுப்புள்ளியோடு சட்டகத்தின் பாதி உயரத்தைக் கூட்டி, இழுத்துப் பிடித்த கம்பிக்கும் சட்டகத்தின் மேல் விளிம்புக்கும் உள்ள தூரத்தைக் கழியுங்கள். 96 செ.மீ. சட்டகம், கம்பி 10 செ.மீ. கீழே என்றால் 145 + 48 − 10 = 183. சுவரில் ஆணி அடிக்கும் முன்பே இதை எல்லாப் படங்களுக்கும் எழுதி வைத்துக்கொண்டால், மாட்டும் நாளில் ஏணி மேல் நின்றுகொண்டு யாரும் யாரோடும் சண்டை போட வேண்டியதில்லை. பின்புறம் பக்கத்துக்கு ஒரு வளையம், இரண்டுக்கும் இடையே கம்பி. ஆணியில் மாட்டப் பல் பல்லாக வெட்டிய சிறு தகடு (பல்வரிசைத் தகடு) வேண்டாம், யாராவது தோளால் உரசினாலே படம் சாய்ந்துவிடும்.

காகிதம் என்பதால் இன்னும் இரண்டு. கரிக்கோல் படத்துக்கு முன்னால் அக்ரிலிக் தகடு போடாதீர்கள். துடைக்கும்போது அதில் ஏறும் நிலைமின்சாரம் கரித்தூளைக் காகிதத்திலிருந்து இழுத்துக்கொள்ளும். கண்ணாடிதான், அதுவும் படத்தைத் தொடாதபடி மவுன்ட் இடைவெளியோடு. இரண்டாவது, வெளிச்சம். நீர்வண்ணம் மங்கும், அருங்காட்சியகங்கள் அதற்கு 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் விடுவதில்லை. கரி மங்காது. ஆகவே ஜன்னல் பக்கச் சுவர் கரிக்கோலுக்கு, உள்சுவர் நீர்வண்ணத்துக்கு. (ஜன்னலுக்கு நேர் எதிரே கண்ணாடி போட்ட படம் வைத்தால் பார்வையாளர் தம் முகத்தைத்தான் பார்ப்பார். பலருக்கு அதில் வருத்தமில்லை என்பது வேறு.) சட்டகம் போடும் முன் எல்லாவற்றையும் புகைப்படம் எடுத்துவிடுங்கள்.

இனி, கூட்டுறவுக்கு மட்டுமே உரிய ஒன்று. வணிக கேலரியில் படத்தைப் பற்றிப் பேசிப் பிழைப்பவர் ஒருவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். உங்கள் கண்காட்சியில் உட்காரப் போவது யார்? முறை போட்டுக்கொண்டு வரும் சக உறுப்பினர்கள். களிமண் பிசைபவர், புகைப்படக்காரர், உங்கள் படங்களைத் திறப்பு விழா அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கப் போகிறவர். உள்ளே வரும் ஒருவர் 'இது என்ன இடம், ஏன் பாதியில் நிற்கிறது?' என்று கேட்டால் 'தெரியவில்லையே' என்று சொல்லிவிட்டு அவர் கைப்பேசியைப் பார்ப்பார். அவர் மேல் பிழையில்லை, நீங்கள் எதுவும் சொல்லி வைக்கவில்லை.

ஆகவே உறுப்பினர்களுக்கென்று ஒரே ஒரு பக்கம் எழுதி மேசையில் வையுங்கள். ஏன் இந்தக் கட்டடங்கள், எந்தப் படம் முதலில் வந்தது, எதை இடத்தில் உட்கார்ந்து வரைந்தீர்கள், எதை நினைவிலிருந்து. எது விற்பனைக்கு இல்லை. தவணையில் தருவீர்களா, விலை குறைத்துக் கேட்டால் என்ன சொல்ல வேண்டும், உங்களை எந்த நேரத்தில் அழைக்கலாம். மாட்டி முடித்த மாலையே, திறப்பு விழாவுக்கு முன், உறுப்பினர்களை மட்டும் அழைத்து அரை மணி நேரம் சுவர் சுவராக நடத்திக் காட்டுங்கள். நீங்கள் பேசக் கூச்சப்படுபவர் என்றால் இது உங்களுக்கு இரட்டை லாபம்: உங்களுக்குப் பதிலாகப் பேசப் பத்துப் பேர் கிடைக்கிறார்கள்.

---

நாலாம் பக்கம் எழுதியது:

நான் ஓவியன் அல்லன். வார இதழ் ஒன்றில் 'இந்த வாரம்' பகுதிக்குக் கண்காட்சித் தகவல்களைத் தொகுக்கிறேன். எங்களுக்கு வரும் செய்திக்குறிப்புகளில் பாதிக்கு மேல் பயன்படாது. காரணம் பெரும்பாலும் எளிது: எங்கே, எப்போது, எத்தனை மணி வரை என்பது மூன்றாம் பத்தியில் ஒளிந்திருக்கும், முதல் இரண்டு பத்திகளில் 'மானுட இருப்பின் விளிம்புகள்' இருக்கும்.

உங்கள் கேள்வியிலேயே நல்ல செய்திக்குறிப்பு இருக்கிறது. 'எங்கும் போய்ச் சேராத படிக்கட்டுகள்' என்று எழுதினீர்களே, அதுவே முதல் வரி. அதை ஒரு கலைக்குறிப்பாக மாற்றிக் கெடுத்துவிடாதீர்கள். ஒரு பக்கம் போதும். படம் இரண்டு அனுப்புங்கள். அச்சுக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), கோப்பின் பெயரிலேயே உங்கள் பெயரும் படத்தின் பெயரும் இருக்கட்டும். 'படம் 0047' என்று வந்தால் எங்கள் மேசையில் அது அநாதை. ஓவியத்தின் ஓரத்தை வெட்டாமல், தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு ஆகியவற்றைத் தனியே எழுதி அனுப்புங்கள்.

காலம் முக்கியம். மாத இதழ்களுக்கு மூன்று மாதம் முன்பே அனுப்ப வேண்டும். வார இதழுக்கு நான்கு வாரம், நாளிதழுக்கு இரண்டு வாரம். திறப்பு விழாவுக்கு முந்தின நாள் அனுப்பிவிட்டு 'ஏன் போடவில்லை' என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதிலில்லை.

திறப்பு விழாவை மட்டும் நம்பாதீர்கள். அன்று வருபவர்கள் உங்களுக்காக வருகிறார்கள். கூட்டத்தில் படம் தெரியாது. கண்காட்சியின் நடுவில், ஆள்வரத்து குறையும் வாரத்தில், இன்னொரு மாலையை வையுங்கள். மேடைப் பேச்சு வேண்டாம். ஒரு மேசை போட்டு, கரிக்கோலால் வரைந்து காட்டுங்கள். கை வேலை செய்யும்போது வாய் தானாகத் திறக்கும். இதழ்களுக்கும் அது இரண்டாவது செய்தி.

முடிந்தால் வாரத்தில் இரண்டு நாளாவது மாலை நேரத்தில் கேலரியைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். 1874இல் பாரிஸில் மோனே, டெகா, பிஸாரோ முதலிய சுமார் முப்பது ஓவியர்கள் சேர்ந்து தாங்களே ஒரு சங்கம் அமைத்து, நடார் என்ற புகைப்படக் கலைஞரின் பழைய ஸ்டூடியோவில் கண்காட்சி வைத்தார்களே, அது பகலில் மூடிய பிறகும் இரவு 8 முதல் 10 மணி வரை மீண்டும் திறந்திருந்தது. வேலைக்குப் போகிறவர்கள் வேறு எப்போது வருவார்கள்? ஒரு மாதத்தில் ஏறக்குறைய 3,500 பேர் வந்தார்கள் என்கிறார்கள். ஆனால் அந்தச் சங்கம் அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே கடனோடு கலைந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பணக் கணக்கைப் பேச என்னைவிட இங்கே இருக்கும் கணக்குப்பிள்ளைதான் பொருத்தமானவர்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

அழைத்ததற்கு நன்றி, நாலாம் பக்கம். கரித்தூள், முதலில் உங்கள் உறுப்பினர் ஒப்பந்தத்தை எடுத்து மறுபடி படியுங்கள். விற்பனையில் கேலரிக்கு எத்தனை விழுக்காடு? பணத்தை யார் வாங்குவது, உங்களுக்கு எப்போது தருவது? படம் உடைந்தாலோ திருடு போனாலோ காப்பீடு யாருடையது? திறப்பு விழாச் செலவு யாருடையது? வாய்மொழியாக 'பார்த்துக்கொள்ளலாம்' என்றால் எழுத்தில் கேளுங்கள். நண்பர்களிடம் எழுத்தில் கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைப்பவர்கள்தான் பிறகு நட்பையும் இழக்கிறார்கள்.

வணிக கேலரிகள் பாதியை எடுத்துக்கொள்வது வழக்கம். கூட்டுறவில் குறைவாக இருக்கும். அந்தக் குறைவை நீங்கள் சந்தாவாகவும் உட்காரும் நேரமாகவும் ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். கமிஷன் 30 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். விலை 100 என்றால் உங்கள் கைக்கு 70. சட்டகம், கண்ணாடி, வண்டிச் செலவு எல்லாம் அந்த 70இலிருந்து. சட்டகத்துக்கு 25 ஆகியிருந்தால் உங்கள் உழைப்புக்கு 45. சட்டகச் செலவை விலையில் அப்படியே கூட்டினால் போதாது. அதன் மேலும் கமிஷன் போகும்.

விலை வைக்கும்போது, பிடித்த படத்துக்குக் கூடுதல், பிடிக்காததற்குக் குறைவு என்று போகாதீர்கள். வாங்குபவர் காரணம் கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது. பரப்பளவை வைத்துக் கணக்கிட்டால் பெரிய படம் எட்டாத உயரத்துக்குப் போய்விடும்: உங்கள் கால்தாள் 28 × 38, முழுத்தாளின் விலையில் நாலில் ஒன்றுதான் வரும். நீளத்தையும் அகலத்தையும் கூட்டி ஒரு தொகையால் பெருக்குங்கள். முழுத்தாளுக்கு 132, கால்தாளுக்கு 66. பாதி விலை. சிறியதை வரைய நாலில் ஒரு பங்கு நேரம்தான் ஆனதா என்று உங்களையே கேட்டால் இது நியாயம் என்று தெரியும்.

ஒரே விலை எங்கும். வீட்டுக்கு வந்து கேட்பவருக்குக் கமிஷனைக் கழித்துக் கொடுத்தால், அது சக உறுப்பினர்களின் பைக்குள் கை விடுவதுதான். நாலாம் பக்கம் சொன்ன மாலையை நானும் வழிமொழிகிறேன். ஆனால் தின்பண்டத்தில் பணத்தைக் கரைக்க வேண்டாம், கண்ணாடியில் போடுங்கள்.

---

கரித்தூள் எழுதியது:

மூவருக்கும் நன்றி. அட்டையில் சுவரை வெட்டிவிட்டேன். பத்தோடு நிறுத்துவது என்று முடிவு செய்ததும் எது வேண்டாம் என்பது ஆச்சரியமாக எளிதாகிவிட்டது. ஒரே மாதிரியான தூண்கள் எத்தனை வரைந்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஒரு சந்தேகம், ரசமட்டம் அக்கா. சுவரில் படத்துக்குப் பக்கத்தில் விலை எழுதலாமா? எங்கள் உறுப்பினர்களில் சிலர் அது கடை போலத் தெரியும் என்கிறார்கள்.

---

ரசமட்டம் எழுதியது:

எழுதுங்கள். விலைப்பட்டியலைக் கேட்டு வாங்கவேண்டியிருந்தால், கேட்கக் கூச்சப்படுபவர்கள் கேட்காமலே போய்விடுவார்கள். கூச்சம் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அட்டையில் தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு, விலை. எழுத்து கண்ணாடி போட்டவர் ஓரடி தள்ளி நின்று படிக்கும் அளவுக்கு. எல்லா அட்டைகளும் படத்தின் ஒரே பக்கத்தில், ஒரே உயரத்தில். விற்றதும் சிவப்புப் புள்ளி ஒட்டுங்கள், ஆனால் அந்தப் படத்தைக் கண்காட்சி முடியும் வரை இறக்கித் தர மாட்டோம் என்பதை வாங்குபவரிடம் முன்பே சொல்லச் சொல்லுங்கள். உங்கள் ஒரு பக்கக் குறிப்பில் இதையும் சேருங்கள்.

கணக்குப்பிள்ளை விட்டுவிட்ட ஒன்று: படங்களை இறக்கும் நாளில் ஆணித்துளைகளுக்குப் பட்டி வைத்து, தேய்த்து, வெள்ளை அடித்துக் கொடுப்பது யார் என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். பெரும்பாலும் அது நீங்கள்தான். அதே சுண்ணத்தின் நிறப்பெயரைக் கேலரிப் பொறுப்பாளரிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். வெள்ளையில் நூறு வெள்ளை இருக்கிறது, அடுத்து மாட்டப் போகிறவர் அத்தனையையும் கண்டுபிடிப்பார்.