மரிஞானோவில் தோற்றதால்தான் சுவிஸ் நடுநிலை வந்ததா? அப்புறம் அவர்கள் பட்டாளம் கொழும்புக்கு எப்படி வந்தது?

தக்கலை_படிப்பாளி:
குரூப் 1 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். கோச்சிங் நோட்ஸில் ஒரே வரிதான் இருக்கிறது: 1515இல் மரிஞானோ போரில் தோற்ற சுவிட்சர்லாந்து அன்றுமுதல் நடுநிலை நாடு. இதை மனப்பாடம் பண்ண மனசு ஒப்பவில்லை. திருவிதாங்கூர் டச்சுக்காரர்களைத் தோற்கடித்த குளச்சல் போரைப் பற்றித் தேடும்போது, 1790களில் டச்சுக் கம்பெனிக்காக இலங்கையில் ஒரு சுவிஸ் ரெஜிமென்டே இருந்தது என்று படித்தேன். நடுநிலை நாட்டுக்காரர்களுக்குக் கொழும்புக் கோட்டையில் என்ன வேலை? இன்னொரு சந்தேகமும் உண்டு. நம்ம உதயகிரிக் கோட்டையில் அடக்கமாகியிருக்கும் டி லெனாயும் சுவிஸ்காரர்தான் என்று ஒரு நண்பர் அடித்துச் சொல்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆரல்வாய்மொழி_காற்று:
டி லெனாய் சுவிஸ் இல்லை தம்பி. இன்றைக்குப் பிரான்சில் இருக்கும் அராஸ் பக்கத்து ஆள், டச்சுக் கம்பெனியில் கேப்டன். 1741இல் குளச்சலில் பிடிபட்டு, பிறகு மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே 'வலிய கப்பித்தான்', அதாவது பெரிய கேப்டன், ஆனவர். தேர்வில் நடுநிலை பற்றிக் கேட்டால் 1815 என்று எழுதுங்கள். அந்த வருஷம் நவம்பர் 20 அன்று பாரிஸில்தான் சுவிஸ் நடுநிலையை ஏற்று வல்லரசுகள் கையெழுத்துப் போட்டன.

பழைய_பட்டாளம்_மார்த்தாண்டம்:
1815 சரிதான். ஆனால் தம்பி கேட்டது மார்க்குக்கான கேள்வி இல்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பட்டாளத்தில் இருந்த காலத்திலிருந்தே எனக்கு இந்த விஷயத்தில் ஈடுபாடு உண்டு.

சுவிஸ்காரர்கள் சண்டை பிடிக்காமல் ஒதுங்கியவர்கள் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். 1315இல் மோர்கார்டனில், ஏரிக்கும் மலைச்சரிவுக்கும் நடுவே போகும் ஒடுங்கிய பாதையில் ஆஸ்திரியாவை ஆண்ட ஹப்ஸ்பர்க் வம்சத்தின் குதிரைப்படையை மடக்கி நொறுக்கியவர்கள் மாடு மேய்க்கும் மலைக்காரர்கள். 1476இல் கிரான்சன், முர்ட்டன், அடுத்த வருஷம் நான்சி என்று மூன்று போர்களில் பர்கண்டியின் சார்லஸ் கோமகனுடைய கதையையே முடித்தார்கள். ஏறக்குறைய 5 மீட்டர் நீள ஈட்டியைப் பிடித்துக்கொண்டு சதுரமாக நெருங்கி நின்று, தாளம் தப்பாமல் முன்னேறுவார்கள். அதற்கு எவ்வளவு டிரில் வேண்டும் என்பது பரேடு கிரவுண்டில் வெயில் காய்ந்தவனுக்குத்தான் தெரியும். பக்கத்தில் நிற்பவன் ஓடமாட்டான் என்ற நம்பிக்கையில்தான் அந்தச் சதுரமே நிற்கும். ஒரே பள்ளத்தாக்குக்காரர்கள் ஒன்றாக நின்றதால் அந்த நம்பிக்கை அவர்களுக்கு இருந்தது.

இந்தப் பெயர் பரவியதும் ராஜாக்கள் காசோடு வந்து நின்றார்கள். மலையில் புல் விளையும், தானியம் போதாது, வீட்டில் ஆண் பிள்ளைகள் அதிகம். நம்ம கடற்கரை ஊர்களிலிருந்து பையன்கள் ஏஜென்ட் வழியாக வளைகுடாவுக்குப் போவதுபோல, அங்கே பையன்கள் அந்நியன் பட்டாளத்துக்குப் போனார்கள். ஏஜென்டாக இருந்து அந்த ராஜாக்களிடம் பென்ஷன் வாங்கியவர்கள் ஊர்ப் பெரிய குடும்பங்கள்.

மரிஞானோவுக்கு வருவோம். மிலானைக் கைக்குள் வைத்திருந்த சுவிஸ் படையும் பிரெஞ்சு ராஜா முதலாம் பிரான்சுவாவும் 1515 செப்டம்பர் 13, 14 இரண்டு நாளும் மோதினார்கள். பீரங்கிகள் ஈட்டிச் சதுரங்களைக் கிழித்தன. இரண்டாம் நாள் வெனிஸ் படையும் வந்து சேர, சுவிஸ் பின்வாங்கியது. இதில் கவனிக்க வேண்டியது, பெர்ன் முதலான சில கன்டோன்கள் (சுவிஸ் கூட்டமைப்பில் சேர்ந்திருந்த தனித்தனி மாநிலங்கள்) போருக்கு முன்பே பிரெஞ்சுக்காரனோடு ஒப்பந்தம் பேசி வீட்டுக்குத் திரும்பிவிட்டன. பொது ராஜா இல்லை, பொதுக் கஜானா இல்லை. ஒவ்வொரு கன்டோனுக்கும் ஒவ்வொரு கணக்கு. இப்படிப்பட்ட கூட்டணியால் வெளியே போய் நாடு பிடிக்க முடியாது. மரிஞானோ காட்டிக்கொடுத்தது அதைத்தான்.

தோற்றபின் சும்மா இருந்தார்களா? 1516இல் ஃபிரைபூர்கில் பிரான்சோடு 'நிரந்தர சமாதானம்'. 1521இல் பிரெஞ்சு ராஜா 6,000 முதல் 16,000 சுவிஸ் வீரர்கள்வரை சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம். மறு வருஷமே பிகோக்காவில், சம்பளப் பாக்கியால் பொறுமை இழந்து, தோண்டி வைத்த அகழியை நோக்கி நேராகப் பாய்ந்து சுமார் 3,000 பேர் செத்தார்கள். அந்த எண்ணிக்கையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. கூலிப்படை என்று லேசாகச் சொல்லிவிடுகிறோம். பாக்கிச் சம்பளம் வந்தால்தான் அந்தப் பையன் வீட்டில் குளிர்காலம் கழியும்.

நடுநிலையின் வேர் என் பார்வையில் மதப் பிளவில்தான் இருக்கிறது. சூரிச், பெர்ன் சீர்திருத்தச் சபை, அதாவது புராட்டஸ்டன்ட். ஊரி, ஷ்விஸ், லூசெர்ன் கத்தோலிக்கம். 1531இல் காப்பலில் தங்களுக்குள்ளேயே வெட்டிக்கொண்டார்கள். சூரிச்சின் போதகர் ஸ்விங்ளி அந்தக் களத்தில்தான் செத்தார். அதற்கப்புறம் ஐரோப்பாவின் எந்த மதச் சண்டையில் ஒரு பக்கம் சாய்ந்தாலும் வீடு இரண்டாகும் நிலை. அதனால் முப்பதாண்டுப் போரில் ஒதுங்கினார்கள். 1647இல் ஸ்வீடன் படை கான்ஸ்டன்ஸ் ஏரிப் பக்கம் வந்ததும், வில் என்ற ஊரில் கூடி எல்லைக்காவலுக்குப் பொதுப்படை அமைக்க உடன்பாடு செய்தார்கள். 1674இல் கன்டோன்களின் சபை தன்னை நடுநிலை என்று முறையாக அறிவித்தது. அதற்கும் பட்டாளத் தொழிலுக்கும் முரண்பாடு இருப்பதாக அன்று யாரும் நினைக்கவில்லை. நாடு போருக்குப் போகாது, ஆனால் ரெஜிமென்ட் ஒப்பந்தத்தில் போகும். 1709இல் மால்பிளாக்கேயில் இரண்டு பக்கமும் சுவிஸ் ரெஜிமென்டுகள் நின்று ஒருவரையொருவர் கொன்றார்கள்.

கொழும்பில் இருந்தது டி மெரோன் ரெஜிமென்ட். 1781இல் நொஷாத்தெலைச் சேர்ந்த சார்லஸ் டேனியல் டி மெரோன் டச்சுக் கம்பெனிக்காகத் திரட்டியது. நொஷாத்தெல் அன்று பிரஷ்ய ராஜாவின் சொத்து, சுவிஸ் கூட்டமைப்பின் தோழன். முதலில் ஆப்பிரிக்காவின் தென்முனை, பிறகு இலங்கை. 1795இல் ஆங்கிலேயர் அந்தக் கர்னலோடு நொஷாத்தெலிலேயே பேரம் முடித்து, சம்பளப் பாக்கியையும் ஏற்றுக்கொண்டு, ரெஜிமென்டை அப்படியே தங்கள் பக்கம் எடுத்துக்கொண்டார்கள். சில மாதத்தில் கொழும்பு விழுந்தது.

லூசெர்னில்_ஒரு_குளச்சல்காரி:
இங்கே நர்ஸாக வேலை பார்க்கிறேன். அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் ஒரு பாறையில் சாகும் சிங்கத்தைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். முதுகில் முறிந்த ஈட்டி, பாதத்துக்கு அடியில் பிரெஞ்சு ராஜாவின் கேடயம். 1792 ஆகஸ்ட் 10 அன்று பாரிஸ் அரண்மனையில் பதினாறாம் லூயிக்காக மடிந்த சுவிஸ் காவலர்களுக்கு. எங்கள் ஊரில் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் வீடுகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு, யாரோ ஒரு ராஜாவுக்காகச் செத்த அந்தப் பையன்களின் அம்மாக்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். 1848 அரசியல் சாசனம்தான் புதுப் படை ஒப்பந்தங்களைத் தடை செய்தது, 1859இல் அந்நியப் பட்டாளச் சேவைக்கே சட்டத் தடை வந்தது. இன்றைக்கும் ஆண்களுக்குக் கட்டாய ராணுவப் பயிற்சி உண்டு. ரயிலில் துப்பாக்கியோடு வரும் சின்னப் பையன்களை இங்கே சாதாரணமாகப் பார்க்கலாம்.

தக்கலை_படிப்பாளி:
அண்ணே, அக்கா, ரொம்ப நன்றி. ஒன்று மட்டும் உறுத்துகிறது. டச்சுக்காரனையே தோற்கடித்த திருவிதாங்கூர் ஏன் சுவிட்சர்லாந்து மாதிரி ஒதுங்கி நிற்க முடியவில்லை?

பழைய_பட்டாளம்_மார்த்தாண்டம்:
நல்ல கேள்வி மக்கா. சுவிஸைச் சுற்றி பிரான்சும் ஆஸ்திரியாவும் இருந்தன. ஆல்ப்ஸ் கணவாய்கள் எதிராளி கைக்குப் போகக் கூடாது என்று இரண்டு பேருமே நினைத்தார்கள். 1798இல் பிரான்ஸ் புகுந்தபோது என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டார்கள். மறு வருஷம் அந்த மண்ணிலேயே பிரெஞ்சு, ஆஸ்திரிய, ரஷ்யப் படைகள் மோதின. அதனால்தான் 1815இல், ஜெனீவாவின் பிக்தே டி ரோஷ்மோன் எழுதிக் கொடுத்த வாசகத்தில், சுவிஸ் நடுநிலை ஐரோப்பா முழுவதற்கும் நன்மை என்று வல்லரசுகள் ஒப்புக்கொண்டன.

திருவிதாங்கூருக்கு அந்தச் சமநிலை அமையவில்லை. டி லெனாய் கோட்டைகளைப் பலப்படுத்தினார், படையைப் பழக்கினார். 1789இல் திப்பு திருவிதாங்கூரின் வடக்கு அரணான நெடுங்கோட்டையைத் தாக்கியதும் ஆங்கிலேயரை நம்ப வேண்டி வந்தது. 1795இல் அவர்களோடு ஒப்பந்தம். எதிர்ப்பக்கம் இழுக்கக்கூடிய ஒரே சக்தியாக மிஞ்சியிருந்த மைசூரும் 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் விழுந்தது. பிறகு திருவிதாங்கூர் திவான் வேலுத்தம்பி தளவாய் ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்தபோது பக்கத்தில் நிற்க யாருமில்லை. 1809இல் உதயகிரிக் கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போனது.

ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்ட ஆங்கிலேயப் படையில் அதே டி மெரோன் ரெஜிமென்டும் இருந்தது. பெங்களூர் பக்கம் போனால் காவிரிக்கரையில் இருக்கும் பழைய ராணுவக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். அந்த ரெஜிமென்ட்காரர்களின் கல்லறைகள் அங்கே இருக்கின்றன.