டிராடவுன் ஸோன்: தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களே, வணக்கம்.

நீர்மின் நிலையங்கள் பற்றிய பள்ளிக் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அணை, மதகு, சுழலி எல்லாம் தாண்டிவிட்டேன். 'டிராடவுன் ஸோன்' வந்ததும் மாட்டிக்கொண்டேன். நீர்த்தேக்கம் நிரம்பியிருந்தால் காடு தண்ணீரைத் தொட்டுக்கொண்டு நிற்கும். மட்டம் இறங்கினால் நடுவே செம்மண்ணும் பாறையும் பழைய அடிமரங்களுமாக ஒரு மொட்டைப் பட்டை தெரியுமே, அதுதான். முழு நீர்மட்டத்துக்கும், இதற்குக் கீழே இறக்கக் கூடாது என்று வைத்திருக்கும் மட்டத்துக்கும் இடைப்பட்ட பகுதி. 'வற்றுக்கரை' என்று போட்டு வைத்திருக்கிறேன். சரியா?

– ந.

*

அன்புள்ள ந.,

சொல் நன்று, ஒற்று நன்றன்று. வற்றிய கரை, வற்றுகின்ற கரை, வற்றும் கரை என மூன்று காலத்துக்கும் விரிவதால் இது வினைத்தொகை. ஊறுகாயில் யாரும் 'க்' போடுவதில்லை. எனவே வற்றுகரை. இலங்கைப் பாடநூல்களில் கடல் ஏற்றவற்றத்துக்கு 'வற்றுப்பெருக்கு' இருக்கிறதே என்று யாராவது கிளம்புவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: அது உம்மைத்தொகை, அங்கும் மிகக் கூடாது.

அதைவிட, கையில் வெண்ணெய் இருக்க நெய்க்கு ஏன் அலைய வேண்டும்? 'அடைகரை' சங்கப் பாடல்களில் எத்தனை இடங்களில் வருகிறது! அலை கொண்டுவந்து குவித்த மணல் எக்கர். அப்படி மணல் அடைந்து கிடக்கும் கரை அடைகரை. அடை, அடைப்பு, அணை மூன்றும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது என் கருத்து. அடைத்தால் அணை, அணைத்தால் தேக்கம், தேங்கிய நீர் அடைவது அடைகரை. அடைமழையைக்கூட இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

– செ.வ.

*

ஐயா, அடைமழை வரைக்கும் போய்விட்டீர்கள், இனி அடைகாக்கும் கோழிதான் பாக்கி.

நான் நீர்மின் நிலையத்தில் வேலை பார்த்தவன். வற்றுவது வெயில் செய்யும் வேலை, இது டர்பைன் செய்யும் வேலை. நாங்கள் 'லெவல் இறங்கிடுச்சு' என்போம். 'வற்றிடுச்சு' என்று போனில் சொன்னால் மேலதிகாரி அலறிவிடுவார்.

காடம்பாறையை எடுத்துக்கொள்ளுங்கள். 400 மெகாவாட். மேலே காடம்பாறை அணை, கீழே மேல் ஆழியாறு. மின்தேவை ஏறும்போது தண்ணீரைக் கீழே விட்டு மின்சாரம் எடுப்போம். மின்சாரம் மிஞ்சும்போது அதே எந்திரம் பம்பாக மாறித் தண்ணீரை மேலே ஏற்றும். மேல் அணையில் கரை வெளியே வந்தால் கீழ் அணையில் மூழ்கும். இதில் எது வற்றியது? சீனாவின் மூன்று பள்ளத்தாக்கு அணை இன்னும் விசித்திரம். மட்டம் 145 மீட்டருக்கும் 175 மீட்டருக்கும் இடையே ஆடுகிறது. கோடையில் வெள்ளம் வரும் என்று இறக்கி வைக்கிறார்கள், குளிர்காலத்தில் ஏற்றிவிடுகிறார்கள். ஆறு பெருகும் காலத்தில் கரை வெளியே, மெலியும் காலத்தில் கரை உள்ளே!

என் பரிந்துரை: இறங்குகரை.

– இரா.

*

இரா. அண்ணா, 'இறங்குகரை' என்றால் இறங்குதுறை ஞாபகம்தான் வருகிறது. பிள்ளைகள் படகைத் தேடுவார்கள்.

இன்னொன்று, 'மொட்டைப் பட்டை' என்ற வர்ணனையே எனக்கு இடிக்கிறது. தேக்கடிக்குப் போயிருப்பீர்கள். 1895-ல் கட்டிய பெரியாறு அணை. லோயர் கேம்ப் மின்நிலையத்துக்கும் அந்தத் தண்ணீர்தான். அன்று மூழ்கிய மரங்களின் பட்டுப்போன கட்டைகள் இன்னும் ஏரிக்குள் நிற்கின்றன. நீர்க்காகங்கள் அவற்றின்மேல் உட்கார்ந்து சிறகு விரித்துக் காயும். மட்டம் இறங்கியதும் சேற்றில் இளம்புல் கிளம்பும், அதை மேய யானையும் காட்டுமாடும் இறங்கி வரும். மாதக்கணக்கில் மூழ்கிக் கிடக்கிற மண்ணில் காட்டு மரம் பிழைக்காதே தவிர, அது வெறும் நிலம் இல்லை. அந்தப் புல் திரும்ப மூழ்கி அழுகி மீத்தேன் விடுவதும் இங்கேதான்.

ஊரில் புழங்குகிற 'ஏரி உள்வாய்' போதாதா? அணைக்கும் 'உள்வாய்' என்றே சொல்லிவிடலாம். புதிதாக எதையும் கட்ட வேண்டாம்.

– பூ.

*

உள்வாய் என்பது ஏரியின் உட்பரப்பு முழுவதும், அம்மா. ஒருநாளும் வெளியே தெரியாத அடித்தரையும் அதில் சேரும். நமக்கு வேண்டியது மேல் மட்டத்துக்கும் கீழ் மட்டத்துக்கும் இடைப்பட்ட பட்டை மட்டும். தவிர, புழங்குகிற சொல்லே போதும் என்றால் 'டிராடவுன்' என்றே எழுதிவிட்டுப் போகலாமே. இந்தக் குழு எதற்கு?

– செ.வ.

*

அப்படியே எழுதலாம் என்றுதான் நானும் நினைக்கிறேன். டர்பைனைச் சுழலி ஆக்கி என்ன கண்டோம்? நிலையத்தில் ஒருவர்கூட அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.

– இரா.

*

எல்லோருக்கும் நன்றி. நாளை மறுநாள் வெள்ளி. இரா. ஐயாவின் 'இறங்கு' இருக்கட்டும், படகு வராமலிருக்க முன்னால் 'நீர்' சேர்த்து 'நீரிறங்குகரை' என்று போடுகிறேன். பூ. சொன்ன புல்லும் யானையும் படவிளக்கத்தில் வந்துவிடும். தனிமடலில் இன்னும் இரண்டு பேர் இதற்கே சம்மதம் சொன்னார்கள். ஒருவர் 'எதையாவது போடுங்கள்' என்றார், அதையும் சம்மதமாகவே எடுத்துக்கொண்டேன். அப்புறம், அந்தக் கீழ் மட்டத்துக்கும் அடியில் தங்கிவிடும் நீருக்கு 'டெட் ஸ்டோரேஜ்' என்று ஒன்று 14-ஆம் பக்கத்தில் நிற்கிறது. 'பயன்படாக் கொள்ளளவு' என்று எழுதிவிட்டேன், அதைத் தயவுசெய்து யாரும் தொட வேண்டாம்.

– ந.

*

'நீரிறங்குகரை' நீர் இறங்கும் கரை என்றும் விரியும், நீரில் இறங்கும் கரை என்றும் விரியும். இரண்டாவது படித்துறை. என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளவும். 'பயன்படாக் கொள்ளளவு' பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.

– செ.வ.