பி91 குழாயில் பற்றவைப்புக்குப் பின் கடினத்தன்மை 170-க்கு இறங்கிவிட்டது

திருச்சி துவாக்குடியில் ஒரு பேப்ரிகேஷன் பட்டறையில் இருக்கிறேன். பி91 (அதிக வெப்பம் தாங்கும் 9% குரோமிய எஃகு) நீராவிக் குழாய், விட்டம் 219 மி.மீ., தடிமன் 25 மி.மீ. பத்து நாளுக்கு முன் ஒரு இணைப்பைப் பற்றவைத்து, 760 டிகிரியில் இரண்டரை மணி நேரம் வெப்பப்படுத்தினோம். இப்போது அந்த இடத்தில் பிரினெல் கடினத்தன்மை 165–172தான் வருகிறது. குறைந்தது 190 வேண்டும். தள்ளியிருக்கும் குழாய்ப் பகுதியில் 210 இருக்கிறது.

மேற்பரப்புக் கார்பன் இழப்போ என்று 1 மி.மீ. தேய்த்துப் பார்த்தோம், அதே அளவுதான். வேறு கருவியிலும் அப்படியே. குரோமியம், மாலிப்டினம், வனேடியம் எல்லாம் சரி. ரெப்ளிகாவில் (மேற்பரப்பின் நுண்ணமைப்பைப் பார்க்க எடுக்கும் அச்சு) கடினமான மார்டென்சைட் பட்டைகள் மங்கி, மென்மையான ஃபெரைட் திட்டுகளும் பருத்த கார்பைடுகளும் தெரிகின்றன.

அப்புறம் வெப்பப் பதிவு சார்ட்டைப் பார்த்தபோதுதான், ஒரு தெர்மோகப்பிள் (வெப்பம் அளக்கும் உணரி) நடுவில் 20 நிமிடம் குறைவாகக் காட்டியது தெரிந்தது. அது கழன்று, ஹீட்டர் கூடுதலாக எரிந்து, வெப்பம் ஏசி1-ஐ (எஃகின் உள்ளமைப்பு மாறத் தொடங்கும் வெப்பநிலை) தாண்டியிருக்கும். வெப்பக்காப்புக் கம்பளத்துக்குள் மெதுவாக ஆறியதில் ஃபெரைட் உருவாகியிருக்கும் என்பது என் கணிப்பு. இதே நிலையில் சேவைக்குப் போனால் க்ரீப் ஆயுள் (அதிக வெப்பத்திலும் அழுத்தத்திலும் மெல்ல நீண்டு உடையாமல் தாங்கும் காலம்) நிச்சயம் அடிபடும், அதுதான் பயம்.

முழு ஸ்பூலையும் (பற்றவைத்த குழாய்த் துண்டு) உலையில் 1050 டிகிரியில் நார்மலைஸ் செய்து (சூடாக்கிக் காற்றில் ஆறவிட்டு), மறுபடி டெம்பர் செய்தால் (குறைந்த வெப்பத்தில் பதப்படுத்தினால்) போதுமா, அல்லது அந்தப் பகுதியை வெட்டித்தான் ஆக வேண்டுமா?