அடிப்பக்கம் ஓட்டையான ஸ்மோக்கர்: தேறுமா, பழைய இரும்புக்குப் போடவா?

கானாடுகாத்தான் பேத்தி:
எங்க சித்தப்பா ஹூஸ்டன்ல இருந்து திரும்பினப்ப, வீட்டுச் சாமானோட கன்டெய்னர்ல கறியைப் புகையிலயே வேகவைக்கிற பார்பெக்யூ ஸ்மோக்கர் ஒண்ணையும் ஏத்திட்டு வந்தாக. பக்கத்துல தனி நெருப்புப்பெட்டி வச்ச வகை. விறகு அதுல எரியும், புகையும் சூடும் பெரிய பீப்பாய்க்குள்ள புகுந்து மறுகோடி புகைபோக்கி வழியாப் போகும். ரெண்டு தடவை ஆட்டுத்தொடை வச்சாக, அவ்வளவுதான். அப்புறம் சித்தப்பா கோயம்புத்தூர் போயிட்டாக. இது பின்கட்டு நெல்லிமரத்தடியில ஒன்பது மழைக்காலம் நின்னுச்சு. அப்பத்தா கொட்டாங்கச்சி போட்டு வச்சிருந்தாக. போன வருஷம் கோழி ஒண்ணு நெருப்புப்பெட்டிக்குள்ள அடைகாத்து ஏழு குஞ்சு பொரிச்சுச்சு.

நேத்து எல்லாத்தையும் அள்ளிக் கொட்டிப் பார்த்தேன். நெருப்புப்பெட்டி அடியில உள்ளங்கை அகலத்துக்கு ரெண்டு ஓட்டை. பழைய சாம்பல் கல்லு மாதிரி இறுகிக் கிடந்துச்சு. பீப்பாய் மூடியோட உள்பக்கம் கறுப்பா ஏடு ஏடா உரியுது, பெயின்டா என்னன்னு தெரியல. பெயின்டர் உள்ளயும் வெளியயும் ரெட் ஆக்சைடு, அந்தத் துருத் தடுக்கிற செவப்பு பெயின்ட், ரெண்டு கோட் அடிச்சாப் போதும்ங்கிறார். அடிக்கலாமா?

பட்டறை அண்ணன்:
ஆச்சி, உள்ள ஒரு சொட்டு பெயின்ட் படக்கூடாது. சூடேறினா பெயின்ட் கருகி அந்தப் புகை கறியிலதான் ஏறும். மூடியில உரியுறது பெயின்ட் இல்ல, கொழுப்பும் புகையும் சேர்ந்து காஞ்ச கரி. உரியுறதை மட்டும் சுரண்டுங்க, கெட்டியா ஒட்டியிருக்கிற கறுப்பை விட்ருங்க. நம்ம தோசைக்கல்லு பழகின மாதிரி அது. அதுதான் துருவைத் தடுக்கும்.

ஓட்டைக்குக் காரணம் அந்தச் சாம்பல்தான். சாம்பல் ஈரத்தை இழுத்து வச்சுக்கும், அந்த ஈரம் இரும்பைத் தின்னுடும். இனி ஒவ்வொரு தடவையும் ஆறினதும் அள்ளிடுங்க.

சின்ன சுத்தியல் எடுத்து ஓட்டையைச் சுத்தித் தட்டிக்கிட்டே போங்க. ணங்குன்னு கேட்டா தகடு நல்லா இருக்கு. பொத்துன்னு கேக்கிற இடம் முழுக்க வெட்டி எடுத்துட்டு, 3 எம்எம் எம்எஸ் தகடு, அதான் பூச்சு இல்லாத சாதா இரும்புத் தகடு, வச்சு வெல்டு பண்ணச் சொல்லுங்க. ஜிஐ தகடு கிடக்குன்னு யாராவது சொன்னா வேண்டாம்னுடுங்க. அது துத்தநாகப் பூச்சு. வெல்டு பண்றப்ப வர்ற புகையில குளிர்காய்ச்சலே வரும், நெருப்புக்கும் ஆகாது.

வெளிப்பக்கம் வயர் பிரஷ் போட்டு, சூடு தாங்குற கறுப்பு பெயின்ட், டப்பாவுல 600 டிகிரி செல்சியஸ்னு போட்டிருக்கிறதா வாங்கி அடிங்க. உள்பக்கம் கடலை எண்ணெயை மெல்லிசாத் துடைச்சு, ரெண்டு மூணு மணி நேரம் வெறும் விறகு எரிங்க. எண்ணெய் வழியிற அளவுக்குப் பூசினா பிசுபிசுன்னு நிக்கும்.

மேலவீதிக்காரன்:
ஒரு தொடைக்கு இம்புட்டுப் பாடா? உப்புக்கண்டம் போட்டா வெயிலே பார்த்துக்கும். எடைக்குப் போட்டுட்டு வேற வேலையைப் பாருங்க.

பட்டறை அண்ணன்:
எடைக்குப் போட்டா வெல்டிங் கூலிகூடத் தேறாது. பீப்பாய் நல்லாத்தானேய்யா இருக்கு.

தேவகோட்டை விறகு:
விறகைப் பத்தி நான் சொல்றேன். ஹூஸ்டன் பக்கம் மெஸ்கீட்னு ஒரு மரத்தைக் கொண்டாடுவாக. நம்ம கண்மாய் பூரா மண்டிக் கிடக்கிற சீமைக்கருவேலம் அதுக்குப் பங்காளிதான். நல்லாக் காஞ்சதா எடுங்க, கொஞ்சமாப் போடுங்க, புகை காரம். வெள்ளையாக் குமுறினா கறி கசக்கும். கண்ணுக்குத் தெரிஞ்சும் தெரியாம நீலமாப் போகணும். புகைபோக்கியைத் திறந்தே வச்சு, காத்தை நெருப்புப்பெட்டிக் கதவுல கூட்டிக் குறைங்க. இடிச்ச வீட்டு பர்மாத் தேக்குத் துண்டு சும்மா கிடக்கேன்னு போட்டுடாதீக, வார்னிஷ் ஏறின மரம்.

கானாடுகாத்தான் பேத்தி:
தட்டிப் பார்த்தேண்ணே. பொத்துங்கிறது அடித்தகடு மட்டும், பக்கமெல்லாம் ணங்குதான். காரைக்குடியில வெல்டருகிட்ட சொல்லியாச்சு, வியாழக்கிழமை வர்றேன்னாரு. இன்னொண்ணு. மூடியில இருக்கிற வெப்பமானியைக் கழட்டி, காம்பைக் கொதிக்கிற தண்ணியில விட்டேன். 230 காட்டுது. போச்சா?

பட்டறை அண்ணன்:
அது பாரன்ஹீட். கொதிநீர் 212 காட்டணும், 18 கூடக் காட்டுது. பின்னால சின்ன நட் இருக்கான்னு பாருங்க. இருந்தா தண்ணியில வச்சபடியே 212க்குத் திருப்பிடலாம். இல்லாட்டி 18 கழிச்சுக்குங்க. தொடைக்கு 225ல இருந்து 250க்குள்ள நிக்கணும்னா உங்க முள்ளு 243ல இருந்து 268க்குள்ள நிக்கட்டும்.