லாரி வந்த நேரம் அட்மின் தூங்கிக்கொண்டிருந்தார்

வாட்ஸ்அப் குழு: நான்காவது குறுக்குத் தெரு
செவ்வாய், இரவு 8.40

ராமநாதன் சார்: இப்போதுதான் எழுந்து பார்த்தேன். குழுவின் பூட்டைத் திறந்துவிட்டேன். இனி எல்லோரும் எழுதலாம்.

செல்வி அக்கா: தண்ணீர் லாரி காலை 11 மணிக்கே வந்து போய்விட்டது சார். எங்கள் வீட்டுக்கு இரண்டு குடம்தான் கிடைத்தது.

ராமநாதன் சார்: இங்கே அமெரிக்காவில், டல்லாஸில், அப்போது நள்ளிரவு 12.30 அம்மா.

பழனி அண்ணன்: தூங்கியது தப்பில்லை. 63 பேர் இருக்கும் குழுவில் ஒருவர் மட்டும்தான் பேசலாம் என்று வைத்தீர்களே, அதுதான் தப்பு. லாரி முனையில் நிற்கிறது என்று 14 வீட்டுக்கு ஒவ்வொன்றாகப் போன் போட்டேன்.

ராமநாதன் சார்: போன வாரப் பார்க்கிங் சண்டை மறந்துவிட்டதா?

ஜமீலா ஆன்ட்டி: பூட்டியது சரிதான். ஆனால் பூட்டிவிட்டுச் சாவியோடு விமானம் ஏறிவிட்டீர்களே சார்.

கார்த்திக்: எல்லோரையும் அட்மின் ஆக்கிவிடலாமே.

செல்வி அக்கா: நீ குடிவருவதற்கு முன் அப்படித்தான் இருந்தது தம்பி. பத்தாவது படிக்கும் பையன் ஒருவன் அப்பா போனை எடுத்து 30 பேரை வெளியே தள்ளினான். யார் வீட்டுப் பையன் என்று சொல்ல மாட்டேன்.

பழனி அண்ணன்: அவன் இப்போது இன்ஜினீயரிங் மூன்றாம் ஆண்டு அக்கா. விட்டுவிடுங்கள்.

தேன்மொழி: 2021 மே மாதம் ஃப்ரீநோடில் நடந்ததும் இதே கதைதான். நிரல் எழுதுகிறவர்கள் கூடிப் பேசும் பழைய சாட் நெட்வொர்க் அது. தினமும் ஓட்டியவர்கள் தன்னார்வலர்கள். ஆனால் பெயரும் டொமைன் என்கிற இணைய முகவரியும் ஒருவர் கைக்குப் போனது. பெரும்பாலோர் விலகி, லிபெரா சாட் என்று புதிதாகத் தொடங்கிவிட்டார்கள்.

தேன்மொழி: அதோடு நிற்கவில்லை. லிபெராவின் பெயரை முகப்பில் எழுதிய நூற்றுக்கணக்கான சேனல்களை, அதாவது அரட்டைக் குழுக்களை, ஃப்ரீநோடு நிர்வாகமே எடுத்துக்கொண்டது. அப்புறம் யார் இருப்பார்கள்? விக்கிமீடியா, உபுண்டு எல்லாம் கிளம்பின.

ஜமீலா ஆன்ட்டி: அவர்களால் மட்டும் எப்படி முடிந்தது? நம் குழுவை டெலிகிராமுக்கு மாற்றியபோது 9 பேர்தான் வந்தோம்.

தேன்மொழி: அது ஐஆர்சி ஆன்ட்டி, சாட் செய்ய 1988-ல் வந்த, யாரும் பயன்படுத்தக்கூடிய பொது நெறிமுறை. அதே ஆப்பில் சர்வர் முகவரியை மட்டும் மாற்றினால் போதும். ஜிமெயிலில் இருந்து யாஹூவுக்குக் கடிதம் போகிறதே, அதுபோல. வாட்ஸ்அப்பில் இருந்து சிக்னல் ஆப்புக்கு ஒரு வரி அனுப்ப முடியுமா?

கார்த்திக்: அப்படியானால் யார் வேண்டுமானாலும் சர்வர் வைக்கும் சமூக வலைத்தளம் மாஸ்டடான் மாதிரி நாமே ஒரு சர்வர் வைப்போம். முதலாளியே கிடையாது.

தேன்மொழி: வாடகை நீ கட்டுவாயா? அங்கேயும் சர்வருக்கு ஓர் அட்மின் உண்டு. வேறு சர்வருக்குப் போனால் பின்தொடர்பவர்கள் கூட வருவார்கள், பழைய பதிவுகள் வராது. மின்னஞ்சல் சர்வரைக்கூட யார் வேண்டுமானாலும் வைக்கலாம். ஸ்பேம் தொல்லை தாங்காமல் எல்லோரும் இரண்டு மூன்று பெரிய கம்பெனிகளிடம்தான் போய் நிற்கிறோம்.

சுப்பிரமணியம் தாத்தா: உத்திரமேரூர் கல்வெட்டைப் படியுங்கள். பராந்தக சோழன் காலத்துக் குடவோலைத் தேர்தல் விதி. வாரியத்தில் இருந்தவர் பெயர் 3 ஆண்டுக்குக் குடத்தில் விழாது. கணக்குக் காட்டாதவர் பெயரும் விழாது, அவர் உறவினர் பெயரும் விழாது.

பழனி அண்ணன்: தாத்தா ஆரம்பித்துவிட்டார்.

செல்வி அக்கா: இருங்கள், அந்த உறவினர் விஷயம் நன்றாக இருக்கிறது. நம் சங்கப் பொருளாளர் யாருடைய மைத்துனர்?

ராமநாதன் சார்: அந்தப் பேச்சு இங்கே வேண்டாம்.

ஜமீலா ஆன்ட்டி: தாத்தா, அங்கேயும் சொந்த நிலமும் சொந்த மனையும் உள்ளவர் பெயர்தான் குடத்தில் விழும். வாடகை வீட்டுக்காரி நான் எங்கே போவேன்?

சுப்பிரமணியம் தாத்தா: அது உண்மைதான்.

செல்வி அக்கா: மூன்று அட்மின் போதும். இந்த முனைக்கு ஒருவர், அந்த முனைக்கு ஒருவர், நடுவில் ஒருவர். ஊரில் இருப்பவராக இருக்க வேண்டும். வாடகைக்காரரும் ஒருவர் வேண்டும்.

ராமநாதன் சார்: மூவரும் சேர்ந்து என்னை நீக்கிவிட்டால்?

தேன்மொழி: குழுவைத் தொடங்கியவரை நீக்கவே முடியாது சார். நிம்மதியாக இருங்கள்.

பழனி அண்ணன்: வாட்ஸ்அப்பே நின்றுபோனால்? 2021 அக்டோபர் 4 ராத்திரி ஆறு மணி நேரம் செத்துக் கிடந்ததே.

செல்வி அக்கா: அன்று நெட் தீர்ந்துவிட்டது என்று நினைத்து ரீசார்ஜ் செய்தேன். காசு போனதுதான் மிச்சம்.

தேன்மொழி: பராமரிப்பு வேலையில் கொடுத்த ஒரு கட்டளை அவர்கள் டேட்டா சென்டர்களை இணைக்கும் வலையையே துண்டித்துவிட்டது. ஃபேஸ்புக், இன்ஸ்டாவும் கூடவே போயின. சரிசெய்ய வேண்டிய கருவிகளும் அதே வலையை நம்பித்தான் இருந்தன. வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிய கதை.

பழனி அண்ணன்: எல்லோர் நம்பரையும் தாளில் எழுதிப் பெட்டிக்கடையில் ஒட்டிவிடுகிறேன்.

ஜமீலா ஆன்ட்டி: என் நம்பரைக் கடையில் ஒட்டினால் நானே வந்து கிழிப்பேன்.

செல்வி அக்கா: ஐந்து வீட்டுக்கு ஒருவர் என்று பிரித்துக்கொள்வோம். அந்த ஐந்து நம்பர் அவரிடம் இருந்தால் போதும். லாரி வந்தால் போன், போன் எடுக்காவிட்டால் கதவைத் தட்டல்.

ராமநாதன் சார்: சரி. செல்வி, பழனி, ஜமீலா மூவரையும் அட்மின் ஆக்கிவிட்டேன்.

கார்த்திக்: அடுத்த லாரி எப்போது?

பழனி அண்ணன்: வியாழன் 11 மணி.

ராமநாதன் சார்: அப்போதும் நான் தூங்கிக்கொண்டுதான் இருப்பேன்.

செல்வி அக்கா: தாராளமாகத் தூங்குங்கள் சார்.